எட்டு மணி நேரம் படிச்ச கதை

மூணாவது செமஸ்டர் மேத்ஸ் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, விடிய விடிய படிச்சேன். நீங்களும் படிச்சிருப்பீங்க. மூணு டீ, ரெண்டு பாக்கெட் பிஸ்கட், அஞ்சு யூனிட். மறுநாள் ஹாலில் ஃபூரியர் தொடர் கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பே வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்ட அதே கணக்கு! ஆனால் அது ஆட் ஃபங்ஷனா, ஈவன் ஃபங்ஷனா என்பதுகூடப் பிடிபடவில்லை. அரியர்.

யோசிச்சுப் பார்த்தால், அந்த எட்டு மணி நேரத்தில் பேனா பிடிச்சது ரெண்டு மணி நேரம்தான் இருக்கும். மீதி வாட்ஸ்அப், "இது வருமா மச்சி" ஆராய்ச்சி. படிச்சதை மூளை நல்லா பதிய வைக்கத் தூக்கமும் வேணும், அதையும் வெட்டிட்டேன்.

டார்வின் காலையில் 8 முதல் 9.30 வரை, பிறகு 10.30 முதல் 12 வரை வேலை செய்வாராம். மத்தபடி தோட்டத்து மணல் பாதையில் நடை, கடிதங்கள், மதியம் ஓய்வு. 1859-இல் 'உயிரினங்களின் தோற்றம்' வெளியிட்டவர் அவர். (சொத்து இருந்தது, இன்டர்னல் மார்க் கிடையாது. அது வேற விஷயம்.)

அரியருக்கு நான் தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம்தான் உட்கார்ந்தேன். போன் ரூம்மேட் அலமாரியில். எதிர் ரூமில் லைட் எரியும்போது நாம தூங்குறது தப்பு பண்ற மாதிரிதான் இருந்துச்சு. அப்பாவிடம் அரியர் விஷயத்தையே சொல்லலை, அந்தப் பயம் வேற.

க்ளியர் ஆயிடுச்சு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி பத்தரைக்கே படுத்துட்டேன். எதிர் ரூம்காரன் கதவைத் தட்டி, "உடம்பு சரியில்லையா மச்சி?"ன்னு கேட்டான்.