மரமில்லை என்னும் பெயர்

ஒரு நிலத்திற்கு அதில் இல்லாததைக் கொண்டு பெயரிடுவது விந்தையான வழக்கம். ஆஸ்திரேலியாவின் தென்கரையில் ஏறத்தாழ 2,00,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் சுண்ணாம்புப் பாறைச் சமவெளிக்கு நல்லார்பர் என்று பெயர். 'மரம் ஏதுமில்லை' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து, நில அளவையாளர் ஆல்ஃபிரட் டெலிசர் 1860களில் ஆக்கிய பெயர் அது. அச்சமவெளியின் கடலோர விளிம்பில், அடிலெய்டில் வாழும் மைத்துனரோடு, ஓர் ஆகஸ்டு மாதத்தில் ஐந்து நாட்களைக் காரிலும் கூடாரத்திலுமாகக் கழித்தோம்.

செடூனாவைக் கடந்து மேற்கே செல்லும் எயர் நெடுஞ்சாலை 1976இல்தான் முழுமையாகத் தார்ச்சாலையாயிற்று. ஓர் எரிபொருள் நிலையத்திற்கும் அடுத்ததற்கும் இடையே சில இடங்களில் 180 கிலோமீட்டருக்கும் மேல். ஆங்காங்கே சாலையின் மீதே விமானம் இறங்குவதற்கான கோடுகள் தீட்டப்பட்டிருக்கின்றன. நோயுற்றவரை அழைத்துச் செல்லப் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அங்கேதான் இறங்கும். அந்தி சாயுமுன் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது மைத்துனரின் கட்டளை. கங்காருக்கள் சாலைக்கு வரும் வேளை அது. தண்ணீரைத் தலைக்கு இவ்வளவு என்று அளந்து கேன்களில் நிரப்பியிருந்தார். பல் துலக்குவதற்கும் கணக்கு உண்டு.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் அக்கரையைப் பற்றிச் சொல்ல இயலாது. தெற்கே அண்டார்டிகா வரை அதைத் தடுக்க நிலம் ஏதுமில்லை. கூடாரத்தின் முளைகள் பாறையில் இறங்காமல் வளைந்தன. கயிறுகளைக் காரின் சக்கரங்களில் பிணைத்தோம். இரண்டாம் இரவு அதுவும் பயன்படவில்லை. நள்ளிரவில் கூடாரத்தைச் சுருட்டிவிட்டு, விடியும்வரை காருக்குள் அமர்ந்திருந்தோம். வண்டி தொட்டில்போல் ஆடிற்று.

பகலில் பண்டா மலைமுகடுகளைக் கண்டோம். முகடுகள் என்பதைவிட, நிலம் வெட்டுண்டு நின்றுவிட்டது என்பதே பொருந்தும். 60 முதல் 120 மீட்டர் வரை செங்குத்தாக இறங்கும் அவற்றின் அடியைக் கடல் அரித்துக்கொண்டே இருப்பதால் விளிம்பில் நிற்கலாகாது. கிழக்கே, வளைகுடாவின் தலைப்பகுதியில், குளிர்காலத்தில் கன்றீனுவதற்காக வரும் திமிங்கிலங்கள் கன்றுகளோடு மிதந்துகொண்டிருந்தன.

ஆண்டுதோறும் வகுப்பில் நெய்தலையும் பாலையையும் தனித்தனியே நடத்திவரும் எங்களுக்கு, அவை இரண்டும் ஒரே விளிம்பில் நிற்கக் கண்டது வியப்பு. முன்னே முடிவிலாக் கடல். பின்னே ஓர் ஓடையும் இல்லாத வெளி. பெய்யும் மழையைச் சுண்ணாம்புப் பாறை உடனே உள்வாங்கிவிடுகிறது.

இந்த வெளியைத்தான் 1841இல் எட்வர்டு ஜான் எயர் குதிரைகளோடு கடந்தார். உடன் வந்தவர்கள் ஜான் பாக்ஸ்டரும் மூன்று பழங்குடி இளைஞர்களும். ஏப்ரல் இறுதியில் ஓரிரவு அவ்விளைஞருள் இருவர் பாக்ஸ்டரைக் கொன்று அகன்றனர். எஞ்சிய வைலியோடு எயர் ஜூலையில் ஆல்பனியை அடைந்தார். அதற்கு முன்பே, யூக்லாவை நெருங்குகையில், பல நாட்கள் நீரின்றித் தவித்த அக்குழுவைக் காத்தவை மணற்குன்றுகளிடையே அந்நிலத்து மக்கள் முன்பே தோண்டியிருந்த ஊற்றுக்குழிகள். முகடுகளைத் தாண்டினால் நீர் உண்டு என்று சொன்னவர்களும் அவர்களே.

யூக்லாவில் அம்மணற்குன்றுகள் இன்றும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. 1877இல் திறந்து 1927இல் மூடப்பட்ட தந்தி நிலையத்தின் கற்சுவர்கள் மணலில் புதைந்து நிற்கின்றன. அங்கு நின்றபோது தனுஷ்கோடி நினைவுக்கு வந்தது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டிப் பெண்கள் நன்னீர் அள்ளுவதை அங்கே பார்த்திருக்கிறோம். மணலில் இறங்கிய மழைநீர், கனத்த உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்கிக் கிடக்கும். ஆழத் தோண்டினால் உப்பு. அளவறிந்து தோண்டினால் குடிநீர். அந்த அளவை அறிவது ஓர் ஆளின் வேலையன்று. பல தலைமுறைகளின் கல்வி.

நெடுஞ்சாலை எயரின் பெயரைத் தாங்குகிறது. பாக்ஸ்டர் பெயரால் முகடுகளும், வைலி பெயரால் ஒரு செங்குத்துச் சரிவும் உண்டு. ஊற்றைத் தோண்டியவர்களின் பெயரைச் சாலையோரப் பலகை எதிலும் நாங்கள் காணவில்லை. அந்நிலத்திற்குரிய மிர்னிங் மக்கள் அதை 'இல்லாமை'யால் அறிந்திருக்க முடியாது. எங்கே நீர் உண்டு என்பதைக் கொண்டே அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் அங்கே வாழ்ந்திருக்க இயலாது. கடந்து செல்பவன் இல்லாததைக் காண்கிறான். இருப்பதைக் காண, தங்கி வாழ்ந்திருக்க வேண்டும்.