ஒரு மார்க்கர் கோடும் ஒரு கையொப்பமில்லா அறிக்கையும்

2019ஆம் ஆண்டின் டோரியன் சூறாவளியைப் பற்றிச் சென்ற வாரம் புனேயில் முதுகலை மாணவர்களிடம் பேசினேன். மார்க்கர் கதையைப் பலரும் அறிந்திருந்தனர். செப்டம்பர் 1 அன்று, அலபாமாவும் பெரும்பாலும் கடுமையாகத் தாக்கப்படும் என்று அதிபர் டிரம்ப் ட்விட்டரில் எழுதினார். சுமார் இருபது நிமிடங்களில் பர்மிங்காம் வானிலை அலுவலகம், அலபாமாவுக்கு எப்பாதிப்பும் இராது என்று அறிவித்தது. மூன்று நாள் கழித்து வெள்ளை மாளிகையில் காட்டப்பட்ட பழைய முன்னறிவிப்பு வரைபடத்தில், கறுப்புக் கோடொன்று அலபாமா வரை நீண்டிருந்தது. வகுப்பு சிரித்தது.

நிகழ்தகவையே ஆய்வுக் கருவியாகக் கொண்ட எனக்கு, செப்டம்பர் 6 அன்று வெளிவந்த அறிக்கைதான் இன்றும் உறுத்துகிறது. பர்மிங்காம் அலுவலகத்தின் மேலமைப்பான நோவா அதனைக் கையொப்பமின்றி வெளியிட்டது. அறுதியிட்டுப் பேசிய அலுவலகத்தின் சொற்கள் அன்று கிடைத்திருந்த நிகழ்தகவுகளோடு பொருந்தவில்லை என்பது அதன் சாரம்.

"சிறு வாய்ப்பு இருந்தது உண்மைதானே, அறிக்கையில் என்ன தவறு?" என்றார் ஒரு மாணவர். நல்ல கேள்வி. காற்று வேக வரைபடங்களில் அம்மாநிலத்தின் ஓர் ஓரத்திற்குச் சிறியதொரு வாய்ப்பு காட்டப்பட்டிருந்தது மெய்யே. ஆனால் அதிபர் எழுதியது "பெரும்பாலும்" என்று. அந்த இடைவெளியை அறிக்கை தொடவே இல்லை. நமது துறையின் அடக்கமான மொழி, கள ஊழியரைக் கண்டிக்கும் கோலாயிற்று. பர்மிங்காம் ஊழியர்களோ அதிபரின் பதிவை அறியாமலேயே, அச்சத்தோடு விசாரித்த மக்களுக்கு விடையளித்தவர்கள். விசாரிப்பவருக்குத் தேவை வீட்டை விட்டு வெளியேறுவதா, இருப்பதா என்ற விடை. சதவீதத்தை முடிவாக மாற்றித் தருவதுதான் முன்னறிவிப்பாளரின் தொழில். ஆய்வுக் கட்டுரை எழுதும் நாம் இதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

செப்டம்பர் 1 அன்றுதான் டோரியன் மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் பஹாமாஸின் அபாகோ தீவுகளைச் சிதைத்துக்கொண்டிருந்தது என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டியிருந்தது. அலபாமா விவாதம் அதை மறைத்துவிட்டது.

சில நாட்களில் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் கூடிய வானிலையாளர் மாநாட்டில், தேசிய வானிலைப் பணியின் இயக்குநர் லூயி உச்செல்லினி பர்மிங்காம் ஊழியர்களைப் பாராட்டினார். அவை எழுந்து நின்று கைதட்டியது. அறிக்கையின்போது நோவாவின் பொறுப்புத் தலைவராக இருந்த நீல் ஜேக்கப்ஸ் அறிவியல் நேர்மைக் கொள்கையை மீறினார் என 2020இல் விசாரணைக் குழு கண்டது. 2025இல் நோவாவின் தலைமைக்கு டிரம்ப் பரிந்துரைத்த பெயர் நீல் ஜேக்கப்ஸ்.