கண்ணுக்குக் கீழே

ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அதுவும் ஆண், பெண்கள் கண்ணுக்குக் கீழே பூசுகின்ற பூச்சைப் பற்றி எழுத வெளிக்கிடுவது சிலருக்குச் சிரிப்பைத் தரலாம். பள்ளிவாசல் திண்ணையில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் கண்ணாடிக்கு முன்னால் நின்று எதைப் பார்க்கிறாள் என்பதை நமது கதைகளிலோ கவிதைகளிலோ நான் அதிகம் வாசித்ததில்லை. குமரிகளின் சுருமாக் கண்களை நிறையப் பாடியிருக்கிறோம். அந்தக் கண்களுக்குக் கீழே முப்பது வருடத்தில் என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டோம்.

கண்ணுக்குக் கீழுள்ள தோல் நமது உடம்பிலேயே மிக மெல்லியவற்றுள் ஒன்று; ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே குறைவு. வயது ஏற ஏறத் தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் குறைய, அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் நீலம் பாரித்துத் தெரிகின்றன. கன்னத்துக் கொழுப்பு வற்றி மூக்கோரத்திலிருந்து ஒரு பள்ளம் விழுகிறது. கண்ணுக்கு நேர் கீழே கொழுப்பு முன்தள்ளிப் பை போலத் தொங்குகிறது. எங்களைப் போன்ற மாநிறத்தவர்களுக்குத் தோலின் நிறப்பொருளும் அவ்விடத்தில் கூடிக் கபிலமாகப் படிவதுண்டு. 'கருவளையம்' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் மூன்று நான்கு விடயங்கள். நிறத்தைப் பூச்சால் சமாளிக்கலாம். பள்ளத்தின் நிழலுக்குப் பூச்சால் ஆவது கொஞ்சம்தான்.

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவள் என்னிடம் ஒன்பதாம் ஆண்டில் படித்த பிள்ளை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, அழகுக்கலை பழகி, இப்போது எங்கள் கரையோரத்துக் கல்யாண வீடுகளுக்கெல்லாம் போய் வருகிறாள். 2024இல் என் ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு மேக்கப் ஒத்திகை பார்க்க இரண்டு நாளைக்கு முன்பே வந்தவள், சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே ராத்தாவைப் பார்த்து, "மாமி, ஒங்களுக்கும் கொஞ்சம் போட்டுப் பாப்பமா?" என்றாள். ராத்தா சிரித்து மழுப்பினார்.

அந்த மழுப்பலுக்கு ஒரு கதை இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் மச்சானைக் கொண்டு போனது. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அதற்கு முன் சுருமா இடாத ராத்தாவை ஒரு வெள்ளிக்கிழமையிலும் நான் கண்டதில்லை. கணவன் மௌத்தான பெண் இத்தாவில் சுருமா இடலாகாது. நாலு மாதமும் பத்து நாளும். மார்க்கம் வைத்த கணக்கு அவ்வளவுதான். ஊர் வைத்த கணக்கு வேறு. இத்தா முடிந்து ஒரு நாள் சுருமா இட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவரைப் பார்த்துப் பக்கத்து வளவுக் கிழவி ஒன்று கேட்டது: "ஆருக்குக் காட்ட புள்ள?" அன்றைக்கே சுருமாக் குப்பி அலுமாரிக்குள் போய்விட்டது. எங்களூரில் தாடிக்கு மருதோண்டி போட்டுச் சிவப்பாக்கும் கிழவர்கள் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்குச் சுருமா இடும் ஆண்களும் இருக்கிறார்கள். ஆருக்குக் காட்ட என்று அவர்களிடம் எவரும் கேட்பதில்லை.

2007இல் ராத்தா பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டுச் சவூதிக்குப் போனார். மூன்று ஒப்பந்தம், ஆறு வருடம். திரும்பி வந்தபோது கண்ணுக்குக் கீழே இரண்டு பிறை கறுத்திருந்தது. கூட வேலை செய்த ஒருத்தி கொடுத்ததென்று, பெயர் விபரமில்லாத டப்பாவில் வெள்ளையாக்கும் கிறீம் ஒன்றும் பெட்டிக்குள் வந்தது. இவ்வாறான கிறீம்கள் பலவற்றில் இரசம் கலந்திருப்பது உலகறிந்த விடயம். இரசம் தோலில் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும். கூடவே சிறுநீரகத்தையும் தாக்கும். மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, இரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் முற்றாக நிறுத்துவதென்று தீர்மானித்தன. அந்தத் தீர்மானம் எங்கள் சந்தைக் கடைகளுக்கு வந்துசேர நாளெடுக்கும். நல்ல வேளை, அந்த டப்பா அதிக நாள் நீடிக்கவில்லை; மணம் பிடிக்கவில்லையென்று உம்மா எறிந்துவிட்டார்.

மழுப்பலை மருமகள் ஏற்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உம்மாவை இருத்திவிட்டாள். மாணவி முதலில் செய்தது கதிரையைச் சன்னல் பக்கம் திருப்பியதுதான். "மேலருந்து லைட் விழுந்தா குழி இன்னும் கறுக்கும் சேர். இருட்டில போட்டா கூடப் போட்டிருவம்." முகத்தைக் கழுவச் செய்து, ஈரப்பதக் கிறீம் இரண்டு அரிசி அளவு எடுத்துத் தொட்டு வைத்தாள். ஐந்து நிமிடம் சும்மா இருந்தோம். காய்ந்த தோலில் பூசினால் பூச்சு கோடுகளுக்குள் இறங்கி, தண்ணீர் வற்றிய வயல் போல வெடிக்குமாம்.

அடுத்ததாக எடுத்தது தோடம்பழ நிறத்திலொரு கிறீம். எனக்குச் சந்தேகம். பிறகுதான் சித்திரப் பாடத்து நிறச்சக்கரம் ஞாபகம் வந்தது. நீலத்துக்கு எதிரே இருப்பது செம்மஞ்சள். ஒன்றின் மேல் ஒன்று பட்டால் இரண்டும் அடங்கிவிடும். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எத்தனை தரம் வரைந்து காட்டியிருப்பேன், ஒரு முகத்தில் அதைப் பார்த்தது அன்றுதான். அதற்கு மேல் கொன்சீலர். தோலின் நிறத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரியட்டுமென்று இரண்டு படி வெளிறியதைப் பூசினால் எங்கள் தோலில் சாம்பல் பூத்துவிடும். கல்யாண வீடுகளில் அந்தச் சாம்பல் முகங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

கண்ணுக்குக் கீழே முழுவதையும் அவள் பூசவுமில்லை. மூக்கோரத்து மூலையிலும் பள்ளத்தின் கோட்டிலும் மட்டும் சிறு புள்ளிகள். பையின் மேல் வைக்கவேயில்லை. வெளிறிய நிறம் எதையும் முன்னுக்குத் தள்ளிக் காட்டும், பை இன்னும் பெருத்துத் தெரியும். மோதிர விரலால் தட்டித் தட்டியே பரப்பினாள். அந்த விரலுக்குத்தான் பலம் குறைவு, தோலை இழுக்காது. பிறகு ராத்தாவை மேலே பார்க்கச் சொல்லி, கோடுகளில் தேங்கியதை வெறும் விரலால் ஒற்றியெடுத்தாள்.

"கொமருகளுக்கு மூணு தரம் பூசினாலும் தாங்கும் சேர். உம்மாமாருக்குப் போட்டதில பாதியத் திருப்பி எடுக்கிறதுதான் வேல."

பவுடர் இருந்தும் இல்லாத அளவு. மினுக்கம் உள்ளது எதுவும் கிடையாது, அது சுருக்கத்தை எண்ணிக் காட்டும்.

அலுமாரிக்குள் கிடந்த குப்பி அப்போதுதான் வெளியே வந்தது. மருமகள் கொண்டு வந்து நீட்டினாள். மாணவி வாங்கி மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இஸ்மிது பார்வையைத் தெளிவாக்கும் என்ற ஹதீஸ் நமக்குத் தெரியும். ஆனால் சுருமா என்ற பெயரில் கடைகளில் விற்பது பல வேளை ஈய சல்பைட்டு, கலீனா என்ற கல்லின் தூள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் என்பதில் வைத்தியர்களுக்குள் இரு கருத்தில்லை. அமெரிக்காவில் அழகுசாதன நிறமாக இதைச் சேர்க்க அனுமதியே கிடையாது. (அல்குஹ்ல் என்ற அறபுச் சொல்தான் ஐரோப்பாவுக்குப் போய் அல்கஹோல் ஆனது என்பது இன்னொரு வேடிக்கை.) ஈயமில்லாத மைப் பென்சிலால் மேல் இமையோரம் மட்டும் மெல்லக் கீறினாள். கீழ் இமையில் இட்டால் எங்கள் வெக்கைக்கு உருகிக் கோடுகளில் தங்கும். கறுப்பைப் போக்கச் செய்த வேலை முழுவதும் வீண்.

ராத்தா கண்ணாடியைக் கனநேரம் பிடித்திருந்தார்.

"நான்தானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று ஒரு கணக்கு இருந்தது. நீர் புகாத பூச்சு முகத்திலிருந்தால் வுழூக் கூடாது. லுஹருக்கு வுழூச் செய்து தொழுதுவிட்டுத்தான் ராத்தா முகத்தைக் கொடுத்தார். அந்த வுழூவைக் காத்து அஸரையும் தொழுதார். இடையில் அந்தப் பக்கத்து வளவுக் கிழவியின் மகள் வந்து உற்றுப் பார்த்தது. "நல்லா நித்திர போல" என்று சொல்லிவிட்டுப் போனது. பூச்சுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பஞ்சில் எண்ணெய் நனைத்துக் கண்ணுக்குக் கீழே சற்று நேரம் வைத்திருந்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்தார். கழுவினார், தொழுதார். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப்பேர் இன்னும் வந்து சேரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவர், சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொருக்காப் போட்டு உடு புள்ள" என்றார். "சன்னல் வெளிச்சம் போயிட்டு. பாத்துப் போடு."