கன்றுத் தோலில் ஒரு சரித்திரம்

ஐஸ்லாந்து என்றதும் நமது வகுப்புப் பிள்ளைகளுக்குப் பனிக்கட்டி ஞாபகம் வருகிறது. நமக்கோ கன்றின் தோல்தான் ஞாபகம் வருகிறது.

13-ஆம் நூற்றாண்டில், ஐரோப்பியப் பண்டிதர்கள் சரித்திரத்தைப் பெரும்பாலும் லத்தீனிலே எழுதிவந்த காலத்தில், அத்தீவினர் தம் முன்னோரின் குடியேற்றத்தையும் குலப்பகையையும் வழக்குகளையும் தாய்மொழியில், எளிய வசனத்தில், கன்றுத் தோலில் எழுதிவைத்தனர். ஸாகா என்பன அவையே. எழுதியவர் பெயரும் பெரும்பாலும் தெரியாது.

பின்னர் அந்நியர் ஆட்சி வந்தது, வறுமையும் வந்தது. 1703-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் அங்கிருந்தோர் 50,358 பேரே. அக்கணக்கை எடுத்தவருள் ஒருவரான ஆர்னி மாக்னுஸன், அத்தீவிலே பிறந்தவர், ஊரூராகத் திரிந்து பழஞ்சுவடிகளைத் திரட்டினார். ஸாகா ஏடு ஒன்றைச் சட்டை தைக்க மாதிரியாகக் கத்தரித்திருந்தார்கள்! நகைப்பதற்கில்லை, குளிரில் நடுங்குபவனுக்குத் தோல் தோல்தானே?

திரட்டியவை டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குச் சென்றன. 1728-ல் அந்நகரில் பெருந்தீ. அவருடைய அச்சு நூல்கள் பல சாம்பலாயின. தோற்சுவடிகளில் பெரும்பகுதி தப்பியது. ஆள்வோர் நகரில் அவை அடைபட்டது கொள்ளையா, காப்பா? கொள்ளையென்று சொல்லவே நமது நா துடிக்கிறது. கத்தரித்த அந்த ஏடு தடுக்கிறது.

1944-ல் ஐஸ்லாந்து குடியரசாயிற்று. சுவடிகளைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொண்டேயிருந்தது. 1971 ஏப்ரல் 21-ந் தேதி, டென்மார்க்கின் கடற்படைக் கப்பலொன்று முதல் இரண்டு சுவடிகளுடன் ரெய்க்யவிக் துறைமுகம் சேர்ந்தது. கரையெங்கும் ஜனத்திரள். அன்று பள்ளிக்கூடங்களுக்கும் விடுமுறை. டேனிஷ் மாலுமிகளே கட்டுகளைக் கையில் ஏந்தி இறங்கினார்கள்.