யாருக்கு முகமூடி?

2020 ஆகஸ்ட் 9, பெலாரஸில் அதிபர் தேர்தல். அதிபர் லுகஷென்கோவுக்கு 80 சதவீத ஓட்டு என்று அறிவித்தார்கள். மூன்று நாள் நாடு முழுக்க இணையம் செத்துக் கிடந்தது. தெருவில் இறங்கியவர்களை அடித்து வேனில் அள்ளிப்போட்ட போலீஸ்காரர்கள் கறுப்புத் துணியால் முகத்தை மூடியிருந்தார்கள். திருடன் முகத்தை மூடுவான், போலீஸ் எதற்கு மூடுகிறது என்று தலைநகர் மின்ஸ்கில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

*

செப்டம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களின் பெயர் விவரங்கள் டெலிகிராமில் வெளியாயின. இன்னொரு நாள் அரசுத் தொலைக்காட்சியின் இணைய ஒளிபரப்பில் நிகழ்ச்சி அறுந்து, போலீஸ் ஜனங்களை அடிக்கிற காட்சிகள் ஓடின. அந்த ஒளிபரப்பில் புகுந்தவர்கள் ‘சைபர் பார்ட்டிசன்ஸ்’. பார்ட்டிசன் என்றால் இரண்டாம் உலகப்போரில் பெலாரஸ் காடுகளில் ஒளிந்திருந்து ஜெர்மானியரின் தண்டவாளங்களைத் தகர்த்தவர்கள். லுகஷென்கோவே மாலை போட்டுக் கும்பிடுகிற பெயர். அதைப் போய் எடுத்துக்கொண்டார்களே, அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

*

மின்ஸ்கில் 2005இல் தொழில்நுட்பப் பூங்கா அமைத்து, வரிச்சலுகை கொடுத்து, ஐடி துறையை வளர்த்தவரும் லுகஷென்கோதான். பார்ட்டிசன்கள் தங்களை ஐடி ஊழியர்கள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். வளர்த்த கடா.

*

2021இல் உள்துறை அமைச்சகத்துக்குள் போனார்கள். கையில் கிடைத்தவற்றில் இரண்டு முக்கியம்: ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பதிவுகள், நாட்டின் மொத்த பாஸ்போர்ட் பதிவேடு. பதிவேட்டில் இறந்தவர் கணக்கும் இருக்குமல்லவா? கொரோனாவுக்கு வோட்காவும் நீராவிக் குளியலும் டிராக்டர் ஓட்டுவதும் போதும் என்று அதிபர் சொன்ன நாடு அது. பதிவேட்டை வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, சாவு அரசு சொன்னதைப்போலப் பல மடங்கு என்றார்கள்.

எனக்கு உறுத்துவதும் அந்தப் பதிவேடுதான். அதில் போலீஸ்காரன் மட்டுமா இருக்கிறான்? பால் விற்கிறவள், பள்ளிக்கூடப் பையனின் அம்மா, எல்லோரும் இருக்கிறார்கள். ஊர் மொத்தத்தின் சாவியும் முகம் தெரியாத சில பேரிடம். அவர்கள் நல்லவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நம்பச் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தானே நாம் நம்பிப் பழகியிருக்கிறோம்? குழுவுக்கு வெளியே தெரிகிற ஒரே முகம், அமெரிக்காவில் இருக்கும் பேச்சாளர் யுலியானா ஷெமெட்டோவெட்ஸ். அவர் ஹேக்கர் இல்லை.

*

ஜோகன்னஸ்பர்க், 1908 ஆகஸ்ட் 16. ஹமீதியா மசூதித் திடலில் ஒரு பெரிய இரும்புக் கொப்பரை. டிரான்ஸ்வால் அரசு இந்தியர்களிடம் கைரேகை வாங்கிக்கொண்டு கொடுத்த பதிவுச் சான்றிதழ்கள், இரண்டாயிரத்துக்கும் மேல், பட்டப்பகலில் எரிந்தன. காந்தியின் தலைமையில் எரித்தவர்கள் ஒளியவில்லை. தம்பி நாயுடுவும் இன்னும் எத்தனையோ தமிழர்களும் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார்கள். ‘என் பெயர் இது, என்னைப் பிடித்துக்கொள்’ என்பதுதான் சட்டமறுப்பின் முதல் வரி என்று நாம் படித்திருக்கிறோம். இந்த அளவுகோலில் பார்ட்டிசன்கள் தேறமாட்டார்கள்.

ஆனால் ஒன்று. அன்று எரிந்தது அவரவர் கையிலிருந்த தாள். அரசு அலுவலகத்திலிருந்த பேரேடு அப்படியே இருந்தது. இன்று நம் கையில் எரிக்கத் தாள்கூட இல்லை. பேரேடு மட்டும்தான் இருக்கிறது, அதுவும் அரசின் சர்வரில். காந்தியைச் சிறையில் போட்டபோது ஊருக்குத் தெரிந்தது, வழக்கு நடந்தது, பத்திரிகையில் வந்தது. மின்ஸ்கில் பிடிபடுகிறவனுக்கு அப்படி ஒரு மேடை கிடைக்குமா? அளவுகோலைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அது எந்த ஊர்க் கொல்லன் அடித்தது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

*

2022 ஜனவரி 24. பெலாரஸ் ரயில்வேயின் சர்வர்களைப் பார்ட்டிசன்கள் பூட்டினார்கள். சாதாரணமாக இப்படிப் பூட்டுகிறவர்கள் பணம் கேட்பார்கள். இவர்கள் கேட்டது: சிகிச்சை தேவைப்படும் அரசியல் கைதிகள் 50 பேரை விடு, ரஷ்யப் படையை நாட்டுக்குள் விடாதே. சிக்னல், பாதுகாப்பு அமைப்புகளை வேண்டுமென்றே தொடவில்லை என்றார்கள். ரயில் கவிழ்ந்தால் சாகப்போவது பயணிகள். முகம் காட்டாதவர்களிடமும் ஒரு கோடு இருந்தது.

கைதிகளை விடவில்லை. பிப்ரவரி 24, சரியாக ஒரு மாதம். பெலாரஸ் மண் வழியாகவும் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது.

*

அதன்பின் விசைப்பலகை இல்லாதவர்களும் தண்டவாளத்துக்கு வந்தார்கள். ரஷ்யப் படையின் ரயில்களைத் தடுக்கச் சிக்னல் பெட்டிகளைக் கொளுத்தினார்கள். ஸ்வெட்லகோர்ஸ்க் ஊர்க்காரர்கள் மூன்று பேர் பிடிபட்டார்கள். அந்த டிசம்பரில் தீர்ப்பு: 21, 22, 23 ஆண்டுகள். ஹேக்கர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இந்த மூன்று எண்களைத் தாண்டிப் போக முடியாமல் வெகுநேரம் இருந்தேன். சர்வரைப் பூட்டியவர்களின் முகம் இன்றுவரை தெரியாது. பெட்டியைக் கொளுத்தியவர்களின் முகம் கோர்ட்டுக்குத் தெரியும்.

*

விட்டுப்போன சின்னக் குறிப்பு. ஜனவரியில் சர்வர் பூட்டப்பட்டபோது ஆன்லைன் டிக்கெட் நின்றுபோயிற்று. பயணிகளை நேரே கவுண்டருக்கு வரச் சொன்னது ரயில்வே.