எபசோத்தே: களை என்று நினைத்த செடி

மெக்சிகோ நகரில் குடியேறிய முதல் மழைக்காலத்தில் நாங்கள் இருவரும் ஒரு பிழை செய்தோம். வீட்டுக்கார மூதாட்டி தம் மகளைப் பார்க்க புவெப்லா சென்றிருந்தார். மொட்டைமாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எங்களுடையது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நன்றி காட்டும் ஆர்வத்தில் களையும் பறித்தோம். விளிம்பில் பற்கள் கொண்ட நீள இலைகளும் மண்ணெண்ணெயை நினைவூட்டும் வாடையும் உடைய ஒரு செடியை, களைதான் என்று தீர்மானித்து வேரோடு பிடுங்கி எறிந்தோம்.

திரும்பி வந்தவர் வெறும் தொட்டியைப் பார்த்தார். "என் எபசோத்தே எங்கே, பிள்ளைகளே?" என்று மட்டும் கேட்டார். கோபித்திருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவருடைய தாயார் வெராகுருஸிலிருந்து கொண்டுவந்த விதையின் வழிவந்த செடி அது என்பது பிறகே தெரிந்தது.

மறுநாள் சந்தையில் பெரிய கட்டு ஒன்றை வாங்கிச் சென்றோம். மறுக்காமல் பெற்றுக்கொண்டார். எங்கள் பாடமும் அன்றே தொடங்கியது.

அஸ்தெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியிலிருந்து வந்த பெயர் இது. அதன் முற்பகுதி, நாற்றத்துக்குப் பேர்போன ஸ்கங்க் என்னும் விலங்கைக் குறிப்பதாகச் சொல்வார்கள். நம் பருப்புக்குப் பெருங்காயம் எப்படியோ, அவர்களுடைய கறுப்பு பீன்ஸுக்கு எபசோத்தே அப்படி. வாயுவை அடக்கும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. பீன்ஸ் நன்றாக வெந்த பிறகு, கடைசிக் கால் மணி நேரத்தில் ஒரு கொத்தை முழுதாகப் போட வேண்டும். முதலிலேயே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். சோள ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்து மடிக்கும் கேசதியாவுக்கு ஓரிரு இலை போதும்.

தாராளமாகப் போட நினைத்த எங்களை அவர் தடுத்தார். அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. இலையின் எண்ணெயில் அஸ்காரிடோல் என்னும் பொருள் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவை வெளியேற்ற அந்த எண்ணெயைக் கொடுத்தார்கள். அளவு மீறியபோது உயிர்களும் போயின. சமையலுக்கு ஒரு கொத்து தீங்கில்லை. கருவுற்றவர்கள் தவிர்ப்பது நலம்.

எஞ்சிய கட்டை எப்படிப் பாதுகாப்பது? பூங்கொத்தைப் போலத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தலாம். ஈரக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஏறக்குறைய ஒரு வாரம் தாங்கும். நாங்களோ கறிவேப்பிலையைப் போல நிழலில் உலர்த்திப் புட்டியில் அடைத்தோம். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் வைக்கோல் மணந்தது. மூதாட்டி முகர்ந்து பார்த்து, "இது கஷாயத்துக்குத்தான் ஆகும்" என்றார். அந்த ஆண்டு முழுவதும் சந்தைக் கட்டு வாங்கித் தந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னார். ஆனால் அந்தத் தொட்டியில் வேறெதையும் நடவில்லை.

அடுத்த ஆண்டின் முதல் மழை பெய்து சில வாரங்கள் ஆகியிருக்கும். எங்களை மாடிக்கு அழைத்தார். அந்தத் தொட்டியில் விரற்கடை உயரத்தில் ஏழெட்டு நாற்றுகள். பழைய செடி என்றோ உதிர்த்த விதைகள், நாங்கள் பிடுங்கியது அறியாமல் மண்ணில் கிடந்திருக்கின்றன. அவர் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி எங்கள் மூக்கருகே நீட்டினார். மண்ணெண்ணெய் வாடைதான்.

"இனி மறக்க மாட்டீர்களே?" என்று சிரித்தார்.