பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்குவதா?



நியூசிலாந்தின் வடக்குத் தீவில், பாமர்ஸ்டன் நார்த் நகருக்கு வெளியே நாங்கள் குடியிருக்கிறோம். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். இனி முழங்கால் மலையேற இடந்தராது என்று சொல்லித் தம் வேட்டைத் துப்பாக்கியை எங்களுக்கு விலைக்குத் தர முன்வந்தார். பின்லாந்து நாட்டில் செய்த டிக்கா அது; .308 தோட்டா போடுவது. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் பின்னிழுத்து முன்தள்ளினால்தான் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். செய்தி ஊருக்கு எட்டியதும் பள்ளப்பட்டியிலிருந்து அத்தா தொலைபேசியில் அழைத்து, "உங்களுக்கு அங்கே என்ன குறை மாப்பிள்ளை? கறிக்கடை இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஹலால் ஆட்டிறைச்சிக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை.

ஆயினும் மான் வேட்டை இங்கே செல்வந்தரின் பொழுதுபோக்கு அன்று. மனிதர் வருமுன் இத்தீவுகளில் வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட மான்கள், தம்மைத் தின்னும் விலங்கு இல்லாத மலைகளில் பெருகி, இளஞ்செடிகளைத் தின்று காட்டை அழிக்கலாயின. எனவே பொது நிலத்தில் வேட்டையாட இயற்கை வளப் பாதுகாப்புத் துறை கட்டணமின்றி அனுமதி தருகிறது. எங்கள் மனாவட்டுப் பகுதியில் மிளாவும் உண்டு. அவற்றின் மூதாதையர் 1875ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நம்மவர் இந்த ஊருக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே நம் பக்கத்து மிளா வந்துவிட்டதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இறைச்சி ஒரு காரணம். மற்றொன்று, தாம் உண்பது உயிரொன்றின் உடல் என்பதை அறியாமலேயே எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்ற கவலை. ஆனால் துப்பாக்கியால் வீழ்ந்த மானை உண்ணலாமா என்பதிலேயே எங்கள் வீட்டில் இரண்டு மத்ஹபுகள் உண்டு. எங்களில் ஒருவர் காயல்பட்டினத்து ஷாஃபிஈ. மற்றவர் பள்ளப்பட்டி ஹனஃபி. வேட்டை ஆகுமென்பதில் ஐயமில்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனம் அதற்குச் சான்று. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் கேள்விக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த விளக்கமே சிக்கலின் வேர்: அம்பின் கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம், அதன் பக்கவாட்டு அடியால் செத்ததை உண்ணலாகாது. அப்படியானால் தோட்டா எந்த வகை? பழைய ஃபிக்ஹு நூல்களில் வரும் களிமண் உருண்டையோடு ஒப்பிட்டு, அது அடித்துக் கொல்வதே என ஹனஃபி அறிஞர் பலர் தடுத்தனர். ஷவ்கானி போன்றோர் துளைத்துச் செல்வதால் ஆகுமென்றனர். இக்காலத்து அறிஞர் பலரும் அவ்வாறே கூறுகின்றனர். பிஸ்மி விஷயத்திலும் வேறுபாடு உண்டு. வேண்டுமென்றே அதை விட்டால் ஹனஃபியிடம் அவ்விறைச்சி ஆகாது. ஷாஃபிஈயிடம் அது சுன்னத்.

நாங்கள் கலந்து பேசிய ஆலிம், யார் சரி என்று தீர்ப்புக் கூறவில்லை. இருவரும் மனவுறுத்தலின்றி உண்ணக்கூடிய வழியைக் கூறினார். விசையை அழுத்துகையில் பிஸ்மி சொல்லுதல், விரைந்து சென்று உயிர் இருக்கையிலேயே கத்தியால் அறுத்தல், உயிர் பிரிந்த பின்னரே சென்றடைந்தால் அந்த மான் ஷாஃபிஈக்கு மட்டும். அதாவது நூற்றைம்பது மீட்டர் புதரிலும் சரிவிலும் ஓடிச்சென்று சேர இயலாத இடத்தில் சுடக்கூடாது. சரியாக நெஞ்சில் பட்ட மான் சில வினாடிகளிலேயே உயிர்விடக்கூடும் என்பதால், இந்த ஏற்பாட்டில் ஹனஃபிக்குப் பங்கு பலமுறை கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டோம். (மான் குர்பானிக்கு ஆகாது, அதைக் கேட்டு எழுத முனைவோர் சிரமப்பட வேண்டாம்.)

துப்பாக்கியைப் பார்க்கச் சென்றபோது, அறிந்தவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் போல்ட்டைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தார். பின்னர் விளக்கொளியில் குழலின் உட்புறத்தைப் பார்த்தார். துரு இல்லை, உள்வரிகள் கூர்மையாக இருந்தன. குழலின் வாய் விளிம்பு சிதைந்திருந்தால் குண்டு நேராகப் போகாது என்று அதை விரல்நுனியால் தடவினார். பாதுகாப்புத் தாழைப் போட்டு விசையை இழுத்துப் பார்த்தார், கட்டையில் விரிசல் தேடினார், வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டார். குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும் ஈயக் குண்டு இறைச்சிக்குள் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாய்ப் பரவும். பிள்ளைகள் உண்ணும் வீட்டில் செப்புக் குண்டே நல்லது என்றார். இத்துப்பாக்கி அதை நேராகச் செலுத்துகிறதா என்பதைச் சுட்டுப் பார்த்தே அறிய வேண்டும்.

இவையெல்லாம் எளிதான பகுதி.

2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச்சின் இரண்டு மஸ்ஜித்களில் ஜும்ஆ வேளையில் 51 பேர் ஷஹீதானார்கள். அந்நாளுக்குப் பின் இந்நாட்டு முஸ்லிம் ஒருவர் துப்பாக்கி என்ற சொல்லைச் சாதாரணமாக உச்சரிப்பது கடினம். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் பெரும்பாலான அரைத் தானியங்கி வகைகளைத் தடைசெய்தது. வேட்டைக்காரர் பயன்படுத்தும் போல்ட் வகை தடைக்குள் வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவு ஏற்கிறது. ஆனால் எங்கள் ஜமாஅத்தில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று உண்டு. சனிக்கிழமைகளில் அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் வீட்டுக்குத்தான் குர்ஆன் ஓத வருகிறார்கள். சட்டம் அனுமதிக்கிறது என்ற ஒரே காரணத்தால் அவர்கள் வந்துபோகும் கூரையின் கீழ் இதை வைக்க எங்களுக்கு மனம் துணியவில்லை.

எனவே அந்தச் சகோதரியிடமே கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். வாங்கினால் எனக்குச் சொல்லிவிடுங்கள், பிறர் வாயால் நான் அறியக்கூடாது. பிள்ளைகள் கண்ணில் படாமல் இருக்கட்டும்" என்றார். ஓதும் வகுப்பை மஸ்ஜிதுக்கு மாற்றுவதாக நாங்களே சொன்னோம். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

உரிம விதிகளைப் படித்தபோது எங்களுக்கு ஆறுதலே ஏற்பட்டது. எழுத்துத் தேர்வும் செய்முறைப் பயிற்சியும் உண்டு. அதிகாரி வீட்டுக்கே வந்து பெட்டகத்தைப் பார்வையிடுவார். வாழ்க்கைத் துணையைத் தனியே விசாரிப்பார். 2023 முதல் ஆயுதப் பதிவேடும் நடைமுறையில் உள்ளது. 2019இன் கொலையாளிக்கு உரிமம் வழங்கியபோது காவல்துறை உரிய தரத்தைக் கடைப்பிடிக்கவில்லை என்று விசாரணை ஆணையம் 2020இல் கூறியது. அதை வாசித்தவர்கள், தங்களை அதிகாரி குடைந்து கேட்கிறார் என்று சலித்துக்கொள்ள முடியாது. ஆயுதப் பாதுகாப்புக்கு இங்கே ஏழு விதிகள் உண்டு. ஏழாவது, மது அருந்திவிட்டுத் துப்பாக்கியைத் தொடாதே என்பது. அதில் மட்டும் நமக்குப் பயிற்சி தேவையில்லை. பாதுகாப்பான திசையிலேயே குழலை நீட்டு என்ற இரண்டாவது விதியைப் படித்தபோது, அம்புகளுடன் மஸ்ஜிதைக் கடந்து செல்பவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழி நினைவுக்கு வந்தது.

முடிவாக, வாங்குவதென்றே தீர்மானித்தோம்; ஆனால் இந்த இலையுதிர்காலத்தில் அன்று. சிவப்பு மான்கள் கூவும் மார்ச், ஏப்ரல் மாதங்கள் எங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை, போகட்டும். உரிமமுள்ளவர் அருகிலேயே நின்று மேற்பார்வை செய்தால் உரிமமற்றவரும் சுடலாம் என்பதால், பண்ணைக்காரருடைய நிலத்திலேயே அவர் பக்கத்தில் நிற்க, முதலில் அட்டை இலக்கில் செப்புத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கப் போகிறோம். உரிமத்துக்கு இருவருமே விண்ணப்பித்துள்ளோம். ஒருவர் மட்டும் அறிந்து மற்றவர் அஞ்சி ஒதுங்கும் பொருளாக அது வீட்டில் இருக்கக்கூடாது என்று பள்ளப்பட்டிக்காரர் பிடிவாதமாக இருந்தார்.

பண்ணைக்காரர் முன்பணம் வாங்க மறுத்துவிட்டார். துப்பாக்கி அவருடைய பெட்டகத்திலேயே இருக்கிறது. எங்கள் பெட்டகம் இரண்டு நாட்களுக்கு முன் வந்து சேர்ந்தது. பின்கட்டின் சிமெண்டுத் தரையில் அதை இறுக்குவதற்குத் துளையிடும் இயந்திரத்தை அவரிடமே இரவல் கேட்டிருக்கிறோம்.